கரும்புக்கு மண் அணைக்க 7 எச்பி பவர் வீடர் (களை எடுக்கற மெஷின்) – ஒரு சீசன் ஓட்டின அனுபவம்

4 அடி இடைவெளியில பார் (வரிசை) போட்ட கரும்புக்கு வாங்கினேன். முத நாள் மண்ணெல்லாம் ரெண்டு பாருக்கு நடுவுலயே குமிஞ்சுது, தூர்ல ஒரு பிடி கூட ஏறல, மனசே விட்டுப்போச்சு. குனிஞ்சு பாத்தா கடையில எல் பிளேடு (L மாதிரி வளைஞ்ச, மண்ணை வெட்டற கத்தி) வளைவை உள்பக்கமா மாட்டிக் குடுத்திருக்காங்க! இடது வலது செட்டை மாத்தி, வளைவு வெளிய பாக்க, கூர்முனை சுத்துற திசைக்கே இருக்கற மாதிரி மாட்டினதும் நடுவுல வாய்க்கா விழுந்து மண்ணு ரெண்டு பக்கமும் தூரை நல்லா மூடுது. நட்ட 45வது நாள் லேசா, 90வது நாள் ரிட்ஜர் (மண்ணை ரெண்டு பக்கமும் ஒதுக்கற கலப்பை) மாட்டி முழுசா அணைச்சேன், அருமை. ஈரம் மட்டும் பாத்துக்கங்க, மண்ணை உருட்டித் தட்டினா உதிரணும், இல்லன்னா பிளேடு சுத்துற ரோட்டர்ல சேறு அப்பிக்கும். கோரைக் களை இருந்தா ஓட்டாதீங்க, கிழங்கை வயல் முழுக்க பரப்பிடும்.