மணிக்கணக்கு கம்ப்யூசர்வா, ராத்திரித் தபால் ஃபிடோநெட்டா?

1987இல் டாலஸில் படித்தபோது என்னிடம் ஒரு கமடோர் 64 கம்ப்யூட்டர், அதை ஃபோனோடு இணைக்கும் 1200 பாட் (வேக அளவு) மோடம், அறையில் ஒரு ஃபோன் இணைப்பு இருந்தன. கம்ப்யூட்டரில் கடிதம் போட இரண்டு வழி. காசு கட்டி கம்ப்யூசர்வ் என்ற ஆன்லைன் சேவையில் சேரலாம். இல்லையென்றால், உள்ளூரில் யாரோ தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் நடத்தும் புல்லட்டின் போர்டை (ஃபோனில் கூப்பிட்டுச் செய்தி போடும், படிக்கும் இடம்) கூப்பிட்டு, அப்படிப்பட்ட போர்டுகளை இணைக்கும் ஃபிடோநெட் வழியாக அனுப்பலாம். நான் ஃபிடோநெட் பக்கம் போனேன்.

கம்ப்யூசர்வில் கடிதம் உடனே போய்விடும், செய்தியும் பங்கு விலையும் கிடைக்கும். 1980இலேயே வந்த 'சி.பி.' என்ற அதன் நேரடி அரட்டையை நண்பன் அறையில் இரண்டு மூன்று தடவை பார்த்ததோடு சரி. அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

என் முடிவைத் தீர்மானித்தது கம்ப்யூசர்வின் கட்டணம். 1200 பாடில் மணிக்கு 12 டாலருக்கு மேல், அதாவது நிமிஷத்துக்குச் சுமார் 20 சென்ட். அந்த வேகத்தில் நொடிக்குச் சுமார் 120 எழுத்து வரும். ஒரு பக்கக் கடிதம் 20 நொடிக்குள் திரையில் இறங்கிவிடும். காசு போவது அதில் இல்லை. படித்து, யோசித்து, தட்டுத் தடுமாறிப் பதில் அடிக்கும் 20 நிமிஷத்துக்குத்தான் 4 டாலர். பதிலை முன்பே எழுதிவைத்து அனுப்பலாம்தான், ஆனால் எதைப் படிப்பது என்று தேடுவதற்கும் மீட்டர் ஓடுமே! டாலஸில் உள்ளூர் அழைப்புக்கு மாதக் கட்டணம் மட்டும்தான். அதனால் போர்டில் பிடிக்காத வரியை அழித்துவிட்டு நிதானமாக மறுபடி எழுத முடிந்தது.

ஃபிடோநெட்டை 1984இல் தொடங்கியவர் டாம் ஜென்னிங்ஸ். தொலைதூர அழைப்பு மலிவாக இருக்கும் நள்ளிரவுக்கு மேல், போர்டுகள் ஒன்றையொன்று கூப்பிட்டுத் தபாலை மாற்றிக்கொள்ளும். எக்கோமெயில் என்ற பொது விவாத வசதி வந்தபிறகு ஒருவர் எழுதியது எல்லா ஊர் போர்டிலும் தெரிந்தது. அந்த மென்பொருளை எழுதிய ஜெஃப் ரஷ் டாலஸ்காரர் என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை.

குறை இல்லாமல் இல்லை. போர்டுக்கு ஒரே லைன். சாயங்காலம் கூப்பிட்டால் பத்துத் தடவை எங்கேஜ்டு சத்தம்தான். 80 எழுத்து அகலத்துக்கு எழுதிய கடிதம் என் 40 எழுத்துத் திரையில் பாதியில் ஒடிந்து விழும். திங்கள் எழுதியதற்கு வியாழன் பதில் வந்தால் அதுவே நல்ல வேகம். அவசரக்காரர்களும், ஆபீஸே பில்லைக் கட்டிவிடும் அதிர்ஷ்டக்காரர்களும் அப்போது கம்ப்யூசர்வுக்கே போயிருக்கலாம்.

ஆனால் அந்த ராத்திரி அழைப்புகளுக்கான பில் போர்டு நடத்துபவர் தலையில்தான் விழுந்தது. அதனால் மாதா மாதம் 5 டாலரைக் கவரில் போட்டு அவருக்கு அனுப்பிவந்தேன்.