தட்டை சரி, முடிவிலியா?

பிரபஞ்சத்தின் வடிவத்துக்கு மூன்று பதில்கள் போட்டியில் இருக்கின்றன: முடிவே இல்லாமல் நீளும் தட்டை (அதாவது வளைவில்லாத) வெளி, தன்னைத்தானே வளைத்து மூடிக்கொண்ட வெளி, தட்டையாக இருந்தும் அளவுக்கு உட்பட்ட வெளி. மூன்றிலுமே விளிம்பு கிடையாது. நாம் காணும் எல்லை எல்லாத் திசையிலும் சுமார் 4650 கோடி ஒளியாண்டு. அது சுவர் அல்ல. பெருவெடிப்புக்குப் பிந்தைய 1380 கோடி ஆண்டுகளில் ஒளி நம்மை வந்தடைய முடிந்த தொலைவு. அந்த ஒளி கிளம்பிய இடம் விரிவினால் விலகிக்கொண்டே போனதால்தான் இரண்டு எண்களுக்கும் இவ்வளவு வித்தியாசம்.

முதலில் வளைவைப் பார்ப்போம். பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துக் கிளம்பிய ஒளியில் சூடான, குளிர்ந்த திட்டுகள் உண்டு. அவற்றின் உண்மையான அளவை இயற்பியலே சொல்லிவிடுகிறது. வெளி மூடியதாக இருந்தால் அவை பெரிதாகத் தெரியும், குதிரைச் சேணம் போல எதிராக வளைந்திருந்தால் சிறிதாகத் தெரியும். 1998 இறுதியில் அண்டார்டிகாவின் மேல் பறந்து இந்த ஒளியை அளந்த பூமராங் பலூன் கண்ட திட்டின் அளவு ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது இரண்டு முழுநிலா அகலம். தட்டை வெளிக்கான கணக்கும் அதுதான். பின்னர் அதே ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் தரவை விண்மீன் மண்டலங்களின் தொலைவுகளோடு சேர்த்தபோது வளைவு 0.001 என்று வந்தது. பிழை வரம்பு 0.002. பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மூடிய வெளிக்கு 2019-இல் ஒரு வாதம் வந்தது. பிளாங்க் தரவை மட்டும் எடுத்துக்கொண்டு டி வாலண்டினோ, மெல்கியோரி, சில்க் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதை முன்வைத்தார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அதை ஏற்றால் ஹப்பிள் மாறிலி, அதாவது பிரபஞ்சம் இப்போது விரியும் வேகத்தைச் சொல்லும் எண், 54 பக்கம் இறங்குகிறது. அருகிலுள்ள விண்மீன் மண்டலங்களை அளந்தால் கிடைப்பதோ 73.

அப்படியானால் முடிவிலிதானே என்று பலரும் இங்கே தாவிவிடுகிறார்கள். அந்தத் தாவலைத்தான் நான் ஏற்கவில்லை. பழைய நோக்கியா பாம்பு விளையாட்டில் பாம்பு வலப்புறம் போய் இடப்புறம் வரும். திரை தட்டைதான், ஆனாலும் அளவுள்ளது. முப்பரிமாணத்தில் இதே அமைப்பை டோரஸ் என்கிறோம். அது சிறியதாக இருந்தால் அந்தப் பழைய ஒளியின் வரைபடத்தில் வெவ்வேறு திசைகளில் ஒரே வெப்ப ஏற்ற இறக்கம் கொண்ட வட்ட ஜோடிகள் தெரிய வேண்டும். முதலில் அந்த ஒளியை அளந்த டபிள்யூமேப் விண்கலத்தின் தரவிலும், அப்புறம் பிளாங்க் தரவிலும் தேடினார்கள், சிக்கவில்லை. சிறிய டோரஸ்கள் அதோடு போட்டியிலிருந்து விலகின.

பெரியவை விலகவில்லை. வட்டங்கள் கிடைக்காததை மட்டும் வைத்துப் பல வடிவங்களைத் தள்ளிவிட முடியாது என்று 2024-இல் பிரபஞ்சத்தின் வடிவத்தை ஆராயும் காம்பாக்ட் ஆய்வுக் குழு காட்டியது. வட்டங்களைவிட நுண்ணிய தடயங்கள் அதே வரைபடத்தில் இருக்கலாம். முடிவிலியை எந்தக் கருவியாலும் அளந்து உறுதிசெய்ய முடியாது. டோரஸுக்கு அப்படி ஒரு தடயம் கிடைத்தாலே போதும். அதனால் என் ஆதரவு இந்தத் தேடலுக்குத்தான்.