பாட்டா, படக்காட்சியா: கைமாற்றினால் எது விலை போகும்?

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு என் ஆங்கில டியூஷன். படிவம் 2 முதல் 5 வரை (இடைநிலைப்பள்ளி வகுப்புகளை இங்கே படிவம் என்போம்) பதினோரு பிள்ளைகள். எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். போன வருஷம் முழுக்கப் பாட்டு வைத்து நடத்தினேன். இந்த வருஷம் படக்காட்சிக்கு மாறிவிட்டேன். பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) டியூஷன் எடுக்கும் தோழி, "எனக்கும் பயிற்சிப் புத்தகம் அலுத்துப்போச்சு, எதை எடுக்கட்டும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் படத்தின் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சுவாரசியத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. புத்தகத்தை மூடச் சொன்னாலே பிள்ளைகளுக்குப் பாதித் திருவிழா. செலவும் அப்படித்தான். பாட்டுக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், படத்துக்குப் பழைய டிவி. (ஆசைப்பட்டு 280 வெள்ளிக்குப் பழைய புரொஜெக்டர் வாங்கி, மூன்றாம் வாரமே பல்பு போய், கடைக்காரர் "பல்புக்கு வாரண்டி இல்லம்மா" என்று கைவிரித்தது தனிக் கதை. டிவியே போதும்.)

பாட்டை நான் விட்டதற்குக் காரணம் ஒரு பையன். படிவம் 4. ஆங்கில ராப் ஒன்றை மூச்சு விடாமல் பாடுவான், ஒரு சொல் பிசகாது. இந்த ஊருக்கு ராப் புதிதல்ல. ராப் பாடகர் யோகி பி இருந்த பொயட்டிக் அம்மோ தொண்ணூறுகளிலேயே கோலாலம்பூரிலிருந்து ஆங்கிலத்தில் பாடிய குழு, பிறகு 2006-ல் யோகி பியின் 'வல்லவன்' ஆல்பம் வந்து தமிழ் ராப்பும் வீடு வீடாக ஏறிவிட்டது. பையனுடைய அப்பாவே அந்தக் காலத்து ரசிகர். அன்று அவன் பாடி முடித்துக் கைதட்டல் வாங்கிவிட்டு உட்கார்ந்தான். சும்மா கேட்டேன்: "வாட் டிட் யூ டூ லாஸ்ட் சாட்டர்டே?"

"சாட்டர்டே ஆ டீச்சர்... கோ டெம்பிள் லா. தென் ஈட்."

ஒரு நிமிஷத்துக்கு முன் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களைக் கொட்டிய அதே வாய். நான் கற்றுக்கொடுத்தது எங்கே போனது என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன்.

பாட்டைக் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. காதைத் திறக்க அதைப்போல ஒன்று கிடையாது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைத் தமிழ் மாதிரி, எழுத்துக்கு எழுத்து சம அழுத்தம் கொடுத்துப் பேசுவார்கள். 'கம்ஃபர்டபிள்' என்பதை நான்கு அசையாகப் பிரித்து, நான்கையும் ஒரே எடையில் வைப்பார்கள். ஆங்கிலத்திலோ ஓர் அசை எழும்பி நிற்கும், மற்றவை அதன் காலடியில் சுருண்டுகொள்ளும். 'வான்ட் டு' எப்படி 'வான்னா' ஆகிறது, 'அண்ட்' எப்படி வெறும் 'ன்' ஆகிறது என்பதை நான் கரும்பலகையில் பத்து முறை எழுதினாலும் ஏறாது. பாட்டில் இரண்டே தடவையில் ஏறும். இன்னொன்று, ஒரு பாட்டை ஐந்து முறை போட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரே காட்சியை நான்காம் முறை போட்டால் பின்வரிசையில் கைப்பேசி வெளியே வந்துவிடும்.

ஆனால் மெட்டுக்கு இலக்கணம் முக்கியமில்லை. பீட்டல்ஸ் 1965-ல் பாடிய 'டிக்கெட் டு ரைட்'டில் 'ஷி'க்குப் பக்கத்திலேயே 'டோன்ட்' வந்து உட்காரும். ஆங்கிலம் தெரிந்தவருக்கு அது ஒரு பாணி. என் வகுப்பில் அதுவே வியாதி. பிள்ளைகள் பள்ளியில் நாள் முழுக்க மலாய் பேசுகிறார்கள். மலாயில் ஆள் மாறினாலும் வினை மாறாது: சாயா பெர்கி (நான் போகிறேன்), டியா பெர்கி (அவள் போகிறாள்). அந்தப் பழக்கத்தில் 'ஷி கோ', 'ஷி டோன்ட்' என்றே வரும். இத்தனைக்கும் வீட்டில் பேசும் தமிழில் வருகிறேன், வருகிறாள் என்று ஆளுக்கு ஒரு விகுதி வைத்திருக்கிறோம். "அந்த 'ஆள்' தான்டா இந்த 'எஸ்'" என்று சொல்லிச் சொல்லித்தான் திருத்திக்கொண்டு வருகிறேன். அதைப் பாட்டு ஒரே மாலையில் கலைத்துவிடும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை மாற்றியது வேறு கணக்கு.

எங்கள் வீட்டில் காடி (கார்) வாங்கும்போதெல்லாம் அப்பா கேட்பது ஒன்றுதான்: "அஞ்சு வருஷம் கழிச்சு வித்தா என்ன கிடைக்கும்?" நிறம், சீட்டு, பாட்டுப் பெட்டி எதுவும் அவர் காதில் ஏறாது. அதனால் எங்கள் வாசலில் எப்போதும் ஒரு மைவி கார். கற்றுக்கொடுக்கும் வாக்கியத்தையும் நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். வகுப்பை விட்டு வெளியே கொண்டுபோனால் அதற்கு என்ன விலை கிடைக்கும்? உனக்காக நான் எரிந்துபோவேன் என்று ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த பையன், கிளினிக் கவுண்டரில் அதை வைத்து என்ன செய்வான்?

காட்சியில் வரும் பேச்சு வேறு ரகம். அங்கே ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் பதில் சொல்கிறார். கேட்ட விதம் சரியில்லை என்றால் பதிலும் கோணலாகிறது. முதலில் 'இங்லிஷ் விங்லிஷ்' படத்தைத்தான் எடுத்தேன். 2012-ல் வந்தது, இந்திப் படம்தான், தமிழிலும் அஜித் தலைகாட்டி வெளியானது, பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாருக்கும் தெரியும். அதில் ஸ்ரீதேவி நியூயார்க்கில் ஒரு காப்பிக் கடைக்குள் நுழைவார். ஏதாவது வாங்கிக் குடித்தால் போதும் என்று போனவருக்குக் கவுண்டரில் அடுக்கடுக்காகக் கேள்விகள். பின்னால் வரிசை வேறு. பதறிப்போய் வெளியே வந்துவிடுவார்.

முதல் தடவை சத்தமே இல்லாமல் போட்டேன். கவுண்டர் பெண் என்ன சொல்கிறாள் என்று ஊகிக்கச் சொன்னேன். "'ஹரி அப்'னு சொல்றா டீச்சர், கண்ணைப் பாருங்க" என்றாள் படிவம் 2 பிள்ளை ஒருத்தி. இரண்டாம் முறை சத்தத்தோடு. மூன்றாம் முறை ஒவ்வொரு கேள்வியிலும் நிறுத்தி, "இந்த இடத்தில் இவர் என்ன சொல்லியிருக்கலாம்?" என்று கேட்டேன். வகுப்பின் உயிரே அங்கேதான். காட்சியில் ஓர் ஓட்டை இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் வாக்கியத்தை அதில் போட்டு அடைக்கலாம். பாட்டில் பாடுகிறவரே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறார், நமக்குக் கூடப் பாடுவதைத் தவிர வேலையில்லை.

"குட் யூ ஸே தட் அகெய்ன்?" "கேன் ஐ ஹேவ் அ மினிட்?" "வாட் டூ யூ ஹேவ்?" மூன்றையும் பலகையில் எழுதினோம். பிறகு நியூயார்க்கைச் செந்தூல் மாமாக் கடையாக்கி (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை), ஸ்ரீதேவியை வெள்ளைக்காரச் சுற்றுப்பயணியாக்கி, இரண்டிரண்டு பேராக நடிக்கவிட்டேன். கடைக்காரனாக வந்தவன், "ஹாட் ஆர் ஐஸ்ட்? ஹியர் ஆர் தபாவ்?" என்றான். பார்சல் கட்டுவதற்கு இங்கே சொல்லும் 'தபாவ்' ஆங்கிலமில்லை என்று புரியவைக்கவே பத்து நிமிஷம் ஆனது. "பின்ன வெள்ளைக்காரன் எப்படி டீச்சர் கட்டிக்கிட்டுப் போவான்?"

மூன்று வாரம் கழித்து அந்த ராப் பையன் வந்து சொன்னான். அம்மாவின் கைப்பேசியைப் பழுதுபார்க்க லோயாட் கடைவளாகத்துக்குப் போயிருக்கிறான். கடைக்காரர் வேகவேகமாக ஏதோ கேட்க, இவன், "சாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?" என்றிருக்கிறான். "அப்புறம்?" என்றேன். "அவன் 'அய்யோ, ஸ்க்ரீன் லா பாஸ், ஸ்க்ரீன்!'னு சொன்னான் டீச்சர்." வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் கேட்டது முழு வாக்கியம், சரியான இடத்தில், நான் பக்கத்தில் இல்லாதபோது. போன வருஷப் பாட்டு எதுவும் அப்படிக் கைமாறியதாக எனக்குத் தகவல் இல்லை.

தேர்விலும் இதே கணக்குதான். படிவம் 5-இன் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், 2021 முதல் ஆங்கிலத்துக்கு வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள், நான்குக்கும் சம மதிப்பு. பேச்சுத் தேர்வில் இரண்டு மாணவர்கள் சேர்ந்து உட்கார வேண்டும், கடைசிப் பகுதியில் ஒருவரோடு ஒருவர் கலந்து பேச வேண்டும். மற்றவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசத் தெரிய வேண்டும். அதற்குக் காட்சியே நேரடிப் பயிற்சி. எழுத்துத் தாளில் படத்தைப் பற்றி விமர்சனம் எழுதச் சொன்னாலும் கையில் ஏற்கெனவே சரக்கு இருக்கும். படிவம் 5 பிள்ளைகளுக்கு 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில் மாஜோங் (சீனர்களின் கட்டை விளையாட்டு) ஆடும் காட்சியைப் போட்டேன், 2018 படம். குரலே உயர்த்தாமல் இரண்டு பேர் எப்படிச் சண்டை போட முடியும் என்பதற்கு அது நல்ல பாடம். அந்தக் காட்சியை எடுத்தது பினாங்கில், ஜார்ஜ்டவுனின் சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையில். விடுமுறைக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை ஒருத்தி, கதையை விட்டுவிட்டு அந்த வீட்டைப் பற்றியே பேச ஆரம்பித்தாள். பேசியது ஆங்கிலத்தில் என்பதால் நான் நிறுத்தவில்லை.

படத்தில் ஒரு பெரிய தொல்லை, கீழே ஓடும் எழுத்து. இங்கே தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்தால் அடியில் மலாயும் சீனமும் ஓடும், பிள்ளைகள் வளர்ந்ததே அதில். மலாய் வரி கண்ணில் பட்டால் காது தானாக மூடிக்கொள்கிறது. நான் டிவியின் அடிப்பகுதியில் ஒரு மணிலா அட்டையைச் செல்லோடேப் போட்டு ஒட்டிவிட்டேன். ஆங்கில எழுத்தையும் மூன்றாம் தடவைதான் திறந்துவிடுவேன். வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் போடலாம்தான், ஆனால் ரொம்பக் குறைத்தால் எல்லாரும் குடித்திருப்பது மாதிரிக் கேட்கிறது என்று பையன்கள் சிரிக்கிறார்கள்.

தோழிக்கு மறைக்காமல் சொன்ன குறை, நேரம். பாட்டுக்கு வேலை பதினைந்து நிமிஷம்: வரிகளை எடு, பத்துச் சொல்லை அழி, அச்சடி. மூன்று நிமிஷக் காட்சிக்கு எனக்கு இரண்டு மணி நேரம் போகிறது. நல்ல காட்சியில் திடீரென்று ஒரு கெட்ட வார்த்தை வரும், இல்லையென்றால் முத்தம் வரும். தணிக்கையில் '13' போட்ட படம் என்பதற்காக அப்பா அம்மா ஒத்துக்கொள்வார்கள் என்று நம்பிவிட முடியாது. ஒரு அப்பா நேராகவே கேட்டார்: "டீச்சர், படம் காட்டறதுக்கா காசு வாங்கறீங்க?" இரண்டு அர்த்தமும் அதில் இருந்தது. ஒருநாள் வகுப்பில் உட்காரச் சொன்னேன். கடைசிவரை இருந்தார், அதற்குப் பிறகு கேட்கவில்லை. பிடித்துப்போனதா, பேசாமல் விட்டுவிட்டாரா என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

புகுமுக வகுப்பிலிருந்து (படிவம் 1-க்கு முன், மலாயில் தேறாத பிள்ளைகள் ஒரு வருஷம் படிக்கும் வகுப்பு) வந்த பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்றும் தோழி கேட்டாள். அங்கே நான் அடக்கமாகத்தான் பேச வேண்டும். அப்படி இரண்டே பேருக்குத்தான் பாடம் எடுத்திருக்கிறேன். இருவருக்கும் காட்சி வேகம் தாங்கவில்லை, வாய் திறக்கவே வெட்கம். அவர்களைக் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடவைத்த பிறகுதான் சத்தமே வந்தது. பிள்ளை அந்த நிலையில் இருந்தால் பாட்டில் ஆரம்பிப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். படிவம் 1, 2-இல் அவசரமும் இல்லை. படிவம் 3-இல் எழுதிய பி.டி.3 தேர்வை 2022-ல் எடுத்துவிட்டார்கள், கொஞ்சம் விளையாட இடம் இருக்கிறது.

டிக்டாக், கேம், கொரியப் பாட்டு பற்றி என்னைக் கேட்காதீர்கள். குறுங்காணொளியை இரண்டு வாரம் முயன்றேன். நான் தாள் தயாரித்து முடிப்பதற்குள் அது பழசாகிவிட்டது, பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். கேம் விளையாடிக்கொண்டே முகம் தெரியாதவர்களோடு ஆங்கிலத்தில் பேசும் பையன் ஒருவன் என்னிடம் இருக்கிறான். அவன் பேச்சில் தயக்கம் குறைவு, வசவு அதிகம். அதிலிருந்து என்ன எடுக்கலாம் என்று இன்னும் பிடிபடவில்லை.

பாட்டை முழுக்கவும் விடவில்லை. மழை நாளில் பாதிப் பிள்ளைகள் தாமதமாக வரும்போது முதல் பத்து நிமிஷம் அதுதான் ஓடுகிறது. தோழி எதை எடுக்கப்போகிறாள் என்று இன்னும் சொல்லவில்லை. அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு மணி நேரம் எங்கே கிடைக்கும்? இந்த வாரம் எனக்கு ஹோட்டலில் அறை சரியில்லை என்று புகார் சொல்லும் காட்சி. பாதிதான் பார்த்திருக்கிறேன். மீதியில் யாரும் யாரையும் திட்டாமல் இருக்க வேண்டும்.