பன்னிரண்டு வருடமாக 1/72 விமானங்களுக்குக் குண்டு தேடிய அனுபவம்

நிஜ விமானத்தை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கிய (1/72) பிளாஸ்டிக் மாடல்கள் செய்வது என் பொழுதுபோக்கு. நான் செய்த முதல் இந்திய விமானப்படை மாடல் ஒரு மிக்-21எஃப்எல். 1971 போரில் பறந்த வகை. வண்ணம், எண்கள், வட்டச் சின்னம் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இறக்கைக்குக் கீழே மட்டும், பெட்டியில் மிச்சமிருந்த இரண்டு ஆர்-60 ஏவுகணைகளை எடுத்து ஒட்டிவிட்டேன். ஒரு கண்காட்சியில் விமானப்படையில் ஆயுதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அதைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "தம்பி, விமானம் நல்லா வந்திருக்கு. ஆனா இந்த ஏவுகணை அந்தச் சண்டை நடந்தப்ப கிடையாதேப்பா" என்றார். ஆர்-60 சோவியத் படையிலேயே பயன்பாட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அப்புறம் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு குண்டை எப்படித் தள்ளிக்கொண்டு வருவார்கள், எப்படித் தூக்கி மாட்டுவார்கள், எந்தப் பக்கம் நின்று பூட்டுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டையும் பிடுங்கி எடுத்தேன். சரியான ஆயுதத்தைத் தேடுவது அன்றைக்குத் தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான். எந்த விமானம் என்று முடிவு செய்தால் போதாது, எந்த நாள், எந்த வேலைக்குப் புறப்பட்டது என்று முடிவு செய்துவிட்டுத்தான் கடைப்பக்கம் போக வேண்டும்.

அதே மிக்-21எஃப்எல்-லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டே பைலான்கள் (ஆயுதத்தைத் தொங்கவிடும் தாங்கிகள்), வயிற்றுக்குக் கீழே நடுவில் ஒன்று. உடம்புக்குள் பீரங்கி கிடையாது. 1971 டிசம்பரில் டாக்காவின் தேஜ்காவ் ஓடுதளத்தை உடைக்கப் போனபோது இறக்கைக்கு ஒரு 500 கிலோ குண்டு. டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கிய 28-ஆம் படைப்பிரிவின் நான்கு மிக்-21களில், இறக்கைக்கு ஒன்றாகப் பதினாறு குழல் ராக்கெட் கூடுகள், ஆக விமானத்துக்கு 32 ராக்கெட்டுகள். அந்தத் தாக்குதலுக்கு இலக்கைக் கண்டுபிடிக்க அவர்கள் கையில் இருந்தது ஒரு சுற்றுலா வரைபடம்தான். வான்சண்டைக்கு என்றால் கே-13 ஏவுகணைகள், நடுவில் ஜிபி-9 பீரங்கிக் கூடு. அந்தக் கூடு இருந்தால் நடு எரிபொருள் தொட்டிக்கு இடமில்லை. ஒரே விமானம், ஒரே போர், மூன்று விதமான சுமை. மூன்றையும் கலந்து மாட்டினால் அந்த மாடல் எந்த நாளையும் காட்டாது.

சரி, பொருள் எங்கே கிடைக்கும்?

என் அனுபவத்தில் முதல் இடம் மிச்சப் பெட்டி. ஒவ்வொரு கிட்டிலும் (மாடலின் பாகங்கள் அடங்கிய பெட்டி) பயன்படாமல் போகும் ஆயுதங்களை ஸ்ப்ரூவோடு (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டி எடுத்து வைக்கிறேன். முதல் சில வருடம் ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருந்தேன். எந்தச் சிறகு எந்த உடம்புக்கு என்று தெரியாமல் பாதி வீணானது. இப்போது அறை பிரித்த மாத்திரை டப்பாக்களில், பெயர் எழுதிய சீட்டோடு இருக்கின்றன. எடுவார்டு நிறுவனத்தின் 1/72 மிக்-21 கிட் இந்த வகையில் எனக்கு ரொம்பவே உதவியது. ஒரு விமானத்துக்குத் தேவையானதைவிட எவ்வளவோ கூடுதலாக ஆயுதங்கள் அதில் வருகின்றன. ஒரு கிட்டில் மிஞ்சியதை வைத்து வேறு இரண்டு விமானங்களை முடித்திருக்கிறேன். நண்பர்களோடு மாற்றிக்கொள்வதும் நன்றாக நடக்கிறது. மாடல் செய்கிறவர்களில் பலர் ஆயுதமே மாட்டாமல் விமானத்தைச் சுத்தமாக வைக்கிறார்கள். அவர்களுடைய மிச்சம் நமக்குப் புதையல்.

இரண்டாவது, ஹசெகாவா நிறுவனத்தின் 1/72 ஆயுதத் தொகுப்புகள். ரோமன் எண் போட்டு வருபவை. தன்னுடைய 1/72 விமானப் பெட்டிகள் பலவற்றில் ஆயுதம் வைக்காமல், இவற்றைத் தனியாக விற்கிறது ஹசெகாவா. முதல் தொகுப்பு சாதாரணக் குண்டுகளுக்கு, மூன்றாவது வான்சண்டை ஏவுகணைகளுக்கு. பிந்தைய எண்களில் லேசர் வழிகாட்டும் குண்டுகளும், அவற்றுக்கு லேசரால் இலக்கைக் காட்டும் இலக்குக் கூடுகளும் வருகின்றன. முழுக்க அமெரிக்க ஆயுதங்கள்தான். பழைய தொகுப்பு ஒன்றைப் பத்து வருடத்துக்கு முன் வாங்கினேன், இன்னும் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிளாஸ்டிக் வளையவில்லை, நொறுங்கவில்லை, சாதாரண சிமெண்டிலேயே ஒட்டுகிறது. குண்டுகளைவிட எனக்குப் பெரிய உதவி, அவற்றைத் தொங்கவிடும் மூன்று குண்டு, ஆறு குண்டு ரேக்குகள்தான். குண்டு எங்கும் கிடைக்கும், நல்ல ரேக் கிடைப்பது அரிது.

அமெரிக்கத் தொகுப்பில் இந்திய மிக்-21க்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. 1958-இல் தைவான் நீரிணைச் சண்டையில் ஒரு சைட்விண்டர் ஏவுகணை வெடிக்காமல் சீன மிக்-17 ஒன்றில் செருகிக்கொண்டது. அதைப் பிரித்துப் பார்த்துச் சோவியத்காரர்கள் செய்ததுதான் கே-13. எனவே ஆரம்பகால ஏஐஎம்-9பி சைட்விண்டர் கையில் இருந்தால் அதையே கே-13 ஆக்கிவிடலாம். இரண்டுக்கும் குறுக்களவு 127 மிமீ. மாட்டும் தண்டவாளத்தை மட்டும் மிக்-21 கிட்டிலிருந்து எடுக்க வேண்டும். முன்சிறகு வெறும் முக்கோணமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரட்டை வெட்டு விழுந்த முன்சிறகு பிற்கால ஏஐஎம்-9எல், அது இங்கே செல்லாது.

வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கியது இந்தப் பொழுதுபோக்கில் நான் செய்த மிக நல்ல செலவு. பெட்டியில் எழுதியிருக்கும் பெயரை நம்பாமல் அளந்து பார்ப்பேன். அமெரிக்க மார்க் 82 குண்டு நிஜத்தில் 273 மிமீ குறுக்களவு, ஏறத்தாழ 2.2 மீட்டர் நீளம். 72-ஆல் வகுத்தால் 3.8 மிமீ, 31 மிமீ வர வேண்டும். சைட்விண்டர் 1.76 மிமீ. ஸ்பாரோ ஏவுகணை 203 மிமீ என்பதால் 2.8 மிமீ. என் மிச்சப் பெட்டியில் சைட்விண்டர் என்று சீட்டு ஒட்டிய ஒன்று 2.3 மிமீ இருந்தது. இறக்கை நுனியில் வைத்துப் பார்த்தால் மொத்த விமானமே குட்டையாகத் தெரிந்தது. இந்தச் சின்ன அளவில் அரை மில்லிமீட்டர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

சோவியத் குண்டுகளில் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். எம்-54 என்ற மழுங்கிய மூக்கு வகை, பெரிய குண்டுவீச்சு விமானங்களின் வயிற்றறைக்குள் ஏற்றுவதற்கானது. வெளியே தொங்கவிட்டு வேகமாகப் பறப்பதற்காகச் செய்தது கூர்மூக்கு எம்-62. மிக்-21க்கு எம்-62தான் வேண்டும். உக்ரைனின் ஐசிஎம் விற்கும் 1/72 சோவியத் ஆயுதத் தொகுப்புகளும் என்னிடம் உண்டு. ஆர்-27, ஆர்-73 மாதிரியானவை. மிக்-29க்கும் சுகோய்க்கும் அருமை, 1971-க்கு எதுவும் தேறாது.

ரெசின் என்ற பிசினில் செய்த ஆயுதங்களுக்கு வருவோம். எடுவார்டின் பிராசின் வரிசையும் ரெஸ்கிட்டும் நான் அதிகம் பயன்படுத்தியவை. சிறகு காகிதம் போல மெல்லிசாக, மூக்கிலிருக்கும் கண்ணாடி தனியாக, எச்சரிக்கை எழுத்துகளுக்கு டெக்காலோடு (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) வருகின்றன. பிளாஸ்டிக்கையும் இதையும் ஒரே விமானத்தில் மாட்டினால் பிளாஸ்டிக் தோற்றுவிடும். எனவே ஒரு மாடலுக்கு ஒரே வகை என்று வைத்திருக்கிறேன். விலை உறைக்கும். நாலு ஏவுகணைக்கு, ஒரு சாதாரண விமானக் கிட்டின் பாதி விலை கொடுத்திருக்கிறேன். கண்ணுக்கு எதிரே தெரியும் இடத்துக்கு மட்டும் ரெசின், வயிற்றுக்கு அடியில் மறைவதற்குப் பிளாஸ்டிக் என்றுதான் இப்போது வாங்குகிறேன்.

ரெசினில் நீண்டகாலத் தொல்லையும் ஒன்று உண்டு. வேறொரு நிறுவனத்தின் ஒல்லி ஏவுகணைகள் இரண்டு கோடைகளில் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டன. வெந்நீரில் முக்கி நிமிர்த்தினேன், அடுத்த வெயிலில் மறுபடி வளைந்தன. கடைசியில் உடம்பைப் பித்தளைக் குழாயில் செய்து, மூக்கையும் சிறகையும் மட்டும் ரெசினிலிருந்து வெட்டி ஒட்டினேன். ஆறு வருடமாக நேராக இருக்கிறது. இன்னொன்று முக்கியம். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம். மூன்றாவது வருடம்தான் இதைப் பழக்கமாக்கினேன், முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

வியட்நாம் காலத்து அமெரிக்க விமானங்கள் என் இன்னொரு ஆசை. அங்கேதான் கிட்டின் படமும் நிஜமும் அதிகம் விலகுகின்றன. எஃப்-105 தண்டர்சீஃப் பெட்டிப் படத்தில் இறக்கை முழுக்கக் குண்டு தொங்கும். வட வியட்நாமுக்குப் போன விமானங்களின் வழக்கமான சுமையோ வயிற்று நடுவில் ஆறு குண்டு ரேக்கில் ஆறு 750 பவுண்டு எம்117, உள் பைலான்களில் ஆளுக்கு 450 கேலன் தொட்டி. தூரம் அதிகம், எண்ணெய்தான் முதல் தேவை. நான் அப்படித்தான் செய்தேன். பெட்டிப் படத்தைவிட என் விமானம் எனக்கு நிஜமாகத் தெரிகிறது.

1972 மே 10 அன்று அமெரிக்கக் கடற்படையின் கன்னிங்ஹாமும் டிரிஸ்கலும் மூன்று மிக் விமானங்களைச் சுட்டு வீழ்த்திய எஃப்-4ஜே, ஷோடைம் 100 என்ற அழைப்புப் பெயர் கொண்டது, இன்னும் நல்ல உதாரணம். மூன்றும் சைட்விண்டரால் விழுந்தவை. அந்த விமானத்தை ஏவுகணைகள் மட்டும் மாட்டிச் செய்கிறவர்கள் நிறைய. ஆனால் கப்பலிலிருந்து கிளம்பியபோது அதில் ராக்ஐ கொத்துக்குண்டுகளும் இருந்தன. அன்றைய வேலையே தரையிலுள்ள விமான எதிர்ப்புப் பீரங்கிகளை அடக்குவதுதான். அவற்றைப் போட்ட பிறகுதான் சண்டை. கப்பல் தளத்தில் நிற்கும்படி வைத்தால் ராக்ஐ வேண்டும், சண்டையில் பறக்கும்படி வைத்தால் வெறும் ரேக்தான் இருக்க வேண்டும். நான் தளத்தில் நிற்க வைத்திருக்கிறேன்.

நிறமும் தேதியைச் சொல்லும். அமெரிக்க முறையில் மஞ்சள் பட்டை என்றால் வெடிமருந்து, பழுப்பு என்றால் ராக்கெட் மோட்டார், நீலம் என்றால் பயிற்சிக்கானது. முழு நீலக் குண்டைப் போர் விமானத்தில் மாட்டிய மாடல்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், அவ்வளவு உழைப்பும் ஒரு நிறத்தால் கெடுகிறது. 1967 ஜூலை 29 அன்று ஃபாரஸ்டல் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில், தளத்தில் நின்ற விமானம் ஒன்றிலிருந்து தானாகக் கிளம்பிய ஜூனி ராக்கெட் ஒரு ஸ்கைஹாக் விமானத்தில் மோதித் தீப்பிடித்து, குண்டுகள் வெடித்து 134 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் கடற்படைக் குண்டுகளுக்கு வெப்பத்தைத் தாங்கும் சொரசொரப்புப் பூச்சு வந்தது. மூக்கில் ஒற்றை மஞ்சள் பட்டை போய் இரட்டைப் பட்டையானது. எனவே 1980-களின் கப்பல் விமானத்துக்குக் குண்டை வழவழப்பாக விடக்கூடாது. நான் பெயின்ட் ஈரமாக இருக்கும்போது தடித்த தூரிகையால் தட்டித் தட்டி அந்தச் சொரசொரப்பைக் கொண்டுவருகிறேன். பட்டைக்கு முதலில் மூக்கு முழுக்க மஞ்சள் அடித்து, அரை மில்லிமீட்டர் டேப் சுற்றி, மேலே பச்சை அடித்து டேப்பை உரித்தால் டெக்காலைவிடச் சுத்தமாக வரும்.

கார்கில் மிராஜ் 2000தான் என்னை அதிகம் அலைய வைத்தது. 1999 ஜூன் 24 அன்று டைகர் ஹில் மேல் போட்ட லேசர் குண்டு வேண்டும். அமெரிக்கத் தொகுப்பில் இருக்கும் 1000 பவுண்டு பேவ்வே லேசர் குண்டை வாங்கி மாட்டிவிட்டேன். பிறகுதான் படங்களை உற்றுப் பார்த்தேன். நம்முடையது பிரிட்டிஷ் பாணி 1000 பவுண்டு குண்டில் பேவ்வே II தலையையும் வாலையும் பொருத்தியது. அமெரிக்க மார்க் 83 உடம்பு 357 மிமீ, பிரிட்டிஷ் உடம்பு 419 மிமீ. 1/72-இல் ஒன்று 5 மிமீ, மற்றது 5.8. குட்டையும் தடியுமான அந்த உருவம் மிராஜின் ஒல்லி வயிற்றுக்குக் கீழே தனியாகத் தெரியும். பிரிட்டிஷ் விமானக் கிட் வைத்திருந்த ஒரு நண்பரிடம் கேட்டு வாங்கி மாற்றினேன். கூடவே லைட்னிங் இலக்குக் கூடு. அது இல்லாமல் லேசர் குண்டு மட்டும் தொங்கினால் அர்த்தமில்லை.

1/144 பற்றிக் கொஞ்சம். அங்கே ஒரு மார்க் 82 வெறும் 15 மிமீ நீளம். பிரெங்கன் நிறுவனம் இந்த அளவில் ரெசின் ஆயுதங்கள் விற்கிறது, நன்றாக இருக்கின்றன. மற்றபடி சைட்விண்டர் உடம்பு 0.88 மிமீ வர வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 20 கேஜ் ஊசியின் வெளி அளவு 0.91. முனையை அரத்தால் உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சிறகு வெட்டி ஒட்டினால் கடைப் பொருளே வேண்டாம்.

மாட்டுவதில் ஒரே ஒரு பழக்கத்தை எல்லாருக்கும் சொல்வேன். சூப்பர் குளூவை மட்டும் நம்ப வேண்டாம். எட்டு வருடத்துக்கு முன் அப்படி ஒட்டியவற்றில் பாதி, அலமாரியைத் துடைக்கும்போது விழுந்துவிட்டன. இப்போது குண்டிலும் பைலானிலும் 0.4 மிமீ துளை போட்டு, நடுவே ஒரு துண்டுப் பித்தளைக் கம்பி செருகுகிறேன். பசையே இல்லாமல் நிற்கிறது, வேண்டும்போது கழற்றலாம். அந்த முதல் மிக்-21எஃப்எல்லுக்கும் இதையே செய்தேன். இரண்டு ராக்கெட் கூடுகள், இரண்டு 500 கிலோ குண்டுகள், இரண்டு கே-13கள், எல்லாம் ஒரே துளையில் மாறி மாறிப் பொருந்தும். ராக்கெட் கூட்டின் வாயில் பதினாறு குழிகளையும் 0.7 மிமீ துளையாணியால் கையாலேயே குடைந்தேன், ஒரு கூட்டுக்கு ஒரு மாலை ஆனது. இந்த டிசம்பர் 14-க்கு அதில் ராக்கெட் கூடுகள் இருக்கும்.