குன்னூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகம்: முடிதிருத்தும் தொழில் செய்பவரின் மதிப்புரை

குன்னூர் பெட்போர்டு பகுதியில் ஒரு கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைகளில் இயங்கும் சிறிய ஆடிட்டர் அலுவலகம் ஒன்றின் மூலம் 2024-25 நிதியாண்டுக்கான என் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தேன். பட்டயக் கணக்காளர்கள் விளம்பரம் தேடிக்கொள்வதற்கு அவர்களுடைய தொழில்விதிகளில் கட்டுப்பாடு இருப்பதால், தம் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த ஆடிட்டர் கேட்டுக்கொண்டார். எனவே பெயரைத் தவிர்த்து, சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரண்டு நாற்காலிகள் போட்டுப் பெண்களுக்கான சலூன் நடத்துபவள் நான். திருமணக் காலங்களில் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளுக்கும் (படகர் ஊர்கள்) விடுதிகளுக்கும் சென்று மணப்பெண் சிகை அலங்காரமும் செய்கிறேன். என்னைப் போலச் சொந்தமாகத் தொழில் செய்யும் முடிதிருத்துநர்கள் எந்தச் செலவைக் கணக்கில் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை இந்த அலுவலகம் எவ்வாறு கையாண்டது என்பதே இந்த மதிப்புரையின் பொருள்.

இதற்கு முன்பு நான் சென்றுகொண்டிருந்த வேறொரு இடத்தில், ஆண்டு வரவு எவ்வளவு என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். சொன்ன தொகையில் 8 சதவீதத்தை வருமானமாக எழுதிப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, சிறு வணிகர்கள் முழுக் கணக்குப் புத்தகம் வைக்காமலேயே வரவில் 8 சதவீதத்தை, வங்கி அல்லது யுபிஐ வழியாக வந்த பகுதிக்கு 6 சதவீதத்தை, இலாபமாகக் காட்ட இடம் தருகிறது. மருத்துவர், வழக்கறிஞர், கட்டட வடிவமைப்பாளர் போன்ற குறிப்பிட்ட தொழில்களின் பட்டியலில் முடிதிருத்தும் தொழில் இல்லாததால், நாம் வணிகர் என்ற முறையில் இந்தப் பிரிவுக்குள் வருகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பிரிவு அந்த விகிதத்தையோ, அதைவிடக் கூடுதலாக ஈட்டியிருந்தால் அந்தக் கூடுதல் தொகையையோ காட்டச் சொல்கிறது என்பதை அங்கே எவரும் எனக்கு விளக்கவில்லை. உண்மையில் எவ்வளவு ஈட்டினோம் என்பது செலவுகளை ஒழுங்காகக் கழித்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த அலுவலகம் முதல் சந்திப்பிலேயே அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

முதல் அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீண்டது. அவர் படிவம் எதையும் திறக்கவில்லை. கடையைத் திறந்தது முதல் அடைப்பது வரை என்னென்ன நடக்கிறது என்று கேட்டார். தொழிலுக்காகவே, முழுவதும் தொழிலுக்காக மட்டுமே செய்யப்பட்ட செலவு, சொந்தச் செலவாகவோ சொத்து வாங்கும் மூலதனச் செலவாகவோ இல்லாதிருந்தால் கழிக்கலாம் என்பது 37(1) பிரிவின் சாரம். அதை அவர் சட்டமொழியில் சொல்லாமல், ஒவ்வொரு பொருளாக எடுத்து விளக்கினார். ஷாம்பு, ஹேர் டை, பிளேடு, சீப்பு, கத்தரிக்குச் சாணை பிடித்த கூலி, உதவியாளர் சம்பளம், வாடிக்கையாளருக்கு வாங்கித் தரும் தேநீர், நகராட்சிக்குக் கட்டும் தொழில் வரி, கடையின் தீ விபத்துக் காப்பீடு எல்லாம் வரிசையாக வந்தன. இவற்றை எவரும் சொல்லிவிடுவார்கள். மலையில் கடை நடத்துவதால் மட்டும் வரும் செலவுகளை அவர் தேடித் தேடிக் கேட்டதுதான் எனக்கு மதிப்புடையதாகப் பட்டது.

சமவெளியில் தலை அலசத் தண்ணீர்க் குழாய் போதும். இங்கே ஆண்டின் பெரும்பகுதிக்குச் சுடுநீர் இல்லாமல் ஒருவரையும் நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. கீசருக்கான மின்கட்டணத்தையும், மின்சாரம் போகும் நாட்களுக்காக வாங்கும் வணிக சிலிண்டரையும் வீட்டுச் செலவோடு கலந்துவிடாமல் தனியே எழுதச் சொன்னார். அடுத்தது துண்டு. மழைக்காலம் பிடித்துவிட்டால் கொடியில் போட்ட துண்டு இரண்டு நாளானாலும் காயாது. ஈரத்துண்டு வாடை அடிக்கும், வாடிக்கையாளர் மறுமுறை வர மாட்டார். எனவே சலவைக் கடைக்குக் கொடுக்கிறோம், அல்லது கூடுதலாகத் துண்டு வாங்கி அடுக்குகிறோம். இவை இரண்டும் அந்த ஆண்டிலேயே முழுமையாகக் கழிக்கத்தக்க செலவுகள். நான் வாங்கிய துணி உலர்த்தும் இயந்திரம் மட்டும் அப்படி அல்ல என்று அவர் நிறுத்தினார்.

அந்த இயந்திரத்தின் விலை 32,000 ரூபாய். 2024 நவம்பரில் வாங்கினேன். முழுத் தொகையையும் அந்த ஆண்டுச் செலவில் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பமாக இருந்தது. பல ஆண்டுகள் உழைக்கும் பொருள் சொத்து ஆகிவிடும். அதற்கு ஆண்டுதோறும் விலையில் ஒரு பங்கை மட்டும் கழிக்கும் தேய்மானம்தான் உண்டு என்று அவர் தாளில் போட்டுக் காட்டினார். இயந்திரங்களுக்கு 15 சதவீதம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அதில் பாதிதான். ஆகவே முதல் ஆண்டுக்கு 2,400 ரூபாய். மீதமுள்ள 29,600 ரூபாயில் அடுத்த ஆண்டுக்கு 4,440 ரூபாய். மரச்சாமான்களுக்கு 10 சதவீதம், கணினிக்கு 40 சதவீதம் என்ற விகிதங்களையும் அதே தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். பெரிய பொருள் வாங்கும் எண்ணம் இருந்தால் சீசனுக்கு முன்பே, ஏப்ரலில் வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கினால் முழு ஆண்டுத் தேய்மானம் கிடைக்கும் என்று அவர் சொன்னதை என் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

வாடகை விஷயத்தில் அவர் காட்டிய அக்கறையை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். என் கடை வாடகை மாதம் 14,000 ரூபாய். கட்டட உரிமையாளர் ரொக்கமாகத்தான் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், செலவுகளைத் தனித்தனியாகக் காட்டும் முழுக் கணக்கு முறையில் அந்தச் செலவு முழுவதையுமே கழிக்க முடியாமல் போய்விடும் என்பதை 40ஏ(3) பிரிவைக் காட்டி விளக்கினார். சொத்து வாங்கும்போது இதே அளவுக்கு மேல் ரொக்கம் கொடுத்தால் தேய்மானமும் கிடைக்காது. உரிமையாளரிடம் காட்டுவதற்காக மரியாதையான தமிழில் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். இப்போது வாடகை வங்கிக் கணக்கு வழியாகவே போகிறது. கடைக்கு நான் கொடுத்திருக்கும் அட்வான்ஸ் திரும்பி வரக்கூடிய பணம் என்பதால் அது செலவாகாது என்பதையும், கடனுக்குக் கட்டும் தவணையில் வட்டிப் பகுதி மட்டுமே செலவு, அசல் அல்ல என்பதையும் அப்போதே தெளிவுபடுத்தினார்.

மறுத்தவற்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு வரி ஆலோசகரை நம்பலாமா என்பதை அவர் எதற்கு ஒப்புக்கொள்ள மறுக்கிறார் என்பதைக் கொண்டே நான் முடிவு செய்கிறேன். கடைக்கு உடுத்திவரும் சேலைகள், என் தலைமுடிக்கு நானே போட்டுக்கொள்ளும் சிகிச்சை, வீட்டிலிருந்து கடைக்கு வரும் பேருந்துக் கட்டணம் மூன்றையும் அவர் ஏற்கவில்லை. கடைப் பெயர் தைத்த மேலங்கியை ஏற்றார். கடையிலிருந்து மணப்பெண் வீட்டுக்குச் செல்லும் வாடகைக் காரையும் ஏற்றார். கைபேசிக் கட்டணத்திலும் ஸ்கூட்டர் பெட்ரோலிலும் தொழிலுக்கான பங்கை மட்டும் எடுத்தார். அதற்கு ஆதாரமாகப் பயணக் குறிப்பேடு ஒன்று வைக்கச் சொன்னார். அங்கே காத்திருந்த இன்னொரு கடைக்காரர், தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பைகளுக்காகக் கட்டிய அபராதத்தைச் செலவில் சேர்க்கலாமா என்று கேட்டார். சட்டம் தடுத்த செயலுக்குக் கட்டும் அபராதத்தை எந்தக் கணக்கிலும் கழிக்க முடியாது என்று அவர் உடனே சொல்லிவிட்டார்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். என் ஆண்டு வரவு 11,20,000 ரூபாய். அதில் யுபிஐ, வங்கி வழியாக 7,00,000, ரொக்கமாக 4,20,000. உண்மையான இலாபத்தைப் பார்க்காமல் 6, 8 சதவீத விகிதத்தை மட்டும் போட்டிருந்தால் வருமானம் 42,000, 33,600 என இரண்டும் சேர்ந்து 75,600 ரூபாய் என்று போயிருக்கும். செலவுகள் அனைத்தையும் கழித்துப் பார்த்தபோது உண்மையான இலாபம் 4,14,000 ரூபாய். அதையே 44ஏடி பிரிவின் கீழ் கூடுதல் தொகையாகக் காட்டி, ஐடிஆர்-4 படிவத்தில் தாக்கல் செய்தார். புதிய வரி முறையில் 3 லட்சத்துக்கு மேல் உள்ள 1,14,000 ரூபாய்க்கு 5 சதவீதமாக 5,700 ரூபாய் வரி வந்தது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான 87ஏ பிரிவின் தள்ளுபடியில் அது முழுவதும் நீங்கியது. இரண்டு வழியிலும் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. ஆனால் வங்கியில் போய் நின்றால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். சிறு தொழில்களுக்கு வங்கிக் கடன் தரும் முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரை கடன் கேட்கும் ஒருவரின் ஆண்டு வருமானம் 75,600 ரூபாய் என்று காகிதம் சொன்னால், தவணையை எதிலிருந்து கட்டுவார் என்றுதான் மேலாளர் கேட்பார். ஊரில் பலர் வருமானத்தைக் குறைத்துக் காட்டுவதைச் சாமர்த்தியம் என்று நினைப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கடையைப் புதுப்பிக்கும் ஆண்டில் இலாபம் அந்த 6, 8 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். அப்போது செலவுகளைத் தனித்தனியாகக் காட்டும் ஐடிஆர்-3 படிவத்துக்குப் போக வேண்டும். வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயமாகும். அப்படி வெளியேறினால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 44ஏடி பிரிவுக்குத் திரும்ப முடியாது. தணிக்கைக் கட்டணம் அவருக்குத்தான் வருமானம். ஆயினும் ஓர் ஆண்டின் செலவைக் கண்டு அவசரப்பட்டு மாற வேண்டாம் என்றே அறிவுரை கூறினார்.

புதிய வரி முறையில் எந்தக் கழிவும் கிடையாது என்று ஒரு பேச்சு சலூன்காரர்கள் நடுவில் பரவியிருக்கிறது. எல்ஐசி பிரீமியம், மருத்துவக் காப்பீடு போன்ற சொந்தச் சேமிப்புகளுக்கான கழிவுகள் அங்கே இல்லை என்பது சரி. கடை வாடகை, சம்பளம், பொருட்செலவு, தேய்மானம் ஆகியவை இலாபத்தைக் கணக்கிடும் இடத்திலேயே கழிந்துவிடுவதால் அவை எந்த முறையிலும் உண்டு. சம்பளக்காரர்களுக்கான 75,000 ரூபாய் நிலையான கழிவு மட்டும் நமக்குக் கிடையாது. இந்த வேறுபாட்டை ஐந்து நிமிடத்தில் விளக்கியதற்காகவே இந்த அலுவலகத்தைப் பிறருக்குச் சொல்வேன். விடுதி ஒன்று எனக்குக் கொடுத்த 1,20,000 ரூபாயில் முன்கூட்டியே வரியாகப் பிடித்திருந்த 1 சதவீதமான 1,200 ரூபாயை வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் கண்டுபிடித்துத் திரும்பப் பெற்றுத் தந்ததும் இவர்தான். வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் எனக்கு ஜிஎஸ்டி பதிவு தேவைப்படவில்லை. பொருள் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைச் செலவோடு சேர்த்துக்கொண்டார்.

குறைகளும் உண்டு. இறுதியில் கையில் தரும் கணக்குச் சுருக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கடிதத்தை அவ்வளவு நல்ல தமிழில் எழுதத் தெரிந்தவர், வாடிக்கையாளர் கையெழுத்திடும் தாளையும் தமிழில் தரலாம். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் ஊட்டிக்குப் போயிருக்கும் நாட்களில் அலுவலகத்தில் இருப்பவரால் எந்தக் கேள்விக்கும் விடை சொல்ல முடிவதில்லை. அந்த ஆண்டுக்கான கடைசி நாளை ஜூலை 31-லிருந்து 2025 செப்டம்பர் 15-க்கும், பின்னர் ஒரு நாள் கூட்டி 16-க்கும் நீட்டித்தார்கள். அந்தக் கடைசி வாரத்தில் படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள், தொலைபேசியை எடுக்கவும் ஆளில்லை. மாதந்தோறும் பில்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது சிலருக்குத் தொல்லையாகப் படலாம். வெப்பத்தாளில் அச்சிட்ட பில்கள் சில மாதங்களில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடுவதைப் பார்த்தவள் என்பதால் எனக்கு அது தேவையான தொல்லையாகவே தோன்றுகிறது.

ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்துத் தாக்கலும் செய்ய என்னிடம் வாங்கிய கட்டணம் 2,500 ரூபாய். ரசீதும் கொடுத்தார்கள், அதுவும் அடுத்த ஆண்டின் தொழில் செலவில் சேரும். நான் மேலே குறிப்பிட்ட பிரிவு எண்கள் 1961-ம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய கணக்குகளுக்கு எண்களை அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. முதன்முறை செல்பவர்கள் பான், ஆதார், ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான வங்கிக் கணக்கு அறிக்கை, வாடகை ஒப்பந்தம், பெரிய பொருட்களின் பில்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது. சலூன்களுக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமை காலையில் சென்றால், மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டம் வருவதற்கு முன்பாக, அவர் பொறுமையாக உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.