மோல் கணக்குக்கு எந்த வழி: சங்கிலியா, பொருண்மை விகிதமா, அட்டவணையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு, ஐந்து (இடைநிலைப்பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகள்) மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டங்களிலிருந்து வருகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ வேதியியலைத் தொடங்குபவர்கள். இந்த ஆண்டு முதல் மோல் கணக்கை (மோல் என்பது அணு, மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் பயன்படுத்தும் அலகு) அட்டவணை போட்டுச் செய்வதையே முதல் வழியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியில் வேறு மாதிரி செய்கிறார்களே, பிள்ளை குழம்பிவிடாதா என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால் நடைமுறையில் இருக்கும் மூன்று வழிகளையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கிறேன்.

எந்த வழியாக இருந்தாலும் சமன்பாடு சமன்செய்யப்பட்டிருக்க வேண்டும், அதாவது இரு பக்கமும் ஒவ்வொரு அணுவின் எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டும். அதில் தவறினால் எந்த முறையும் கைகொடுக்காது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கணக்குக்குத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த உரத்தையே எடுத்துக்கொள்கிறேன்: அம்மோனியம் சல்பேட். 2 மோல் அம்மோனியாவும் 1 மோல் சல்பியூரிக் அமிலமும் சேர்ந்தால் 1 மோல் அம்மோனியம் சல்பேட் கிடைக்கும். ஒரு மோலின் பொருண்மை முறையே 17, 98, 132 கிராம். உரத்தின் 132 கிராமில் 28 கிராம் நைட்ரஜன். 28-ஐ 132-ஆல் வகுத்தால் 21 சதவீதம். உர மூட்டையில் அச்சிட்டிருக்கும் 21 இதுதான் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

முதல் வழி பொருண்மை விகிதம். மோலைத் தொடவே வேண்டாம். 34 கிராம் அம்மோனியாவுக்கு 132 கிராம் உரம் என்றால், 5.1 கிராமுக்கு எவ்வளவு? குறுக்கே பெருக்கினால் 19.8 கிராம், முடிந்தது. மோல் என்ற கருத்து வருவதற்கு முன்பே இருந்த வழி இது. ஜெர்மானிய வேதியியலாளர் ரிக்டர் 1792-இல் வினைகளில் அளவு பார்க்கும் இந்தத் துறைக்கு ‘ஸ்டாய்க்கியோமெட்ரி’ என்று பெயர் வைத்தபோது, இவ்வளவு அமிலத்தை இவ்வளவு காரம் நடுநிலையாக்கும் என்று எடைக்கு எடைதான் பார்த்தார். ஒரே வினையைத் தினமும் செய்பவர்களுக்கு இன்றும் இதைவிடச் சுலபமான வழி கிடையாது. வீட்டில் செம்பனை எண்ணெயில் சோப்பு காய்ச்சுபவர்கள் ஒரு கிராம் எண்ணெய்க்குச் சுமார் 0.14 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். அவர்களை உட்காரவைத்து மோல் சொல்லிக்கொடுக்க எந்த அவசியமும் இல்லை.

தேர்வில்தான் சிக்கல். வாயு வந்ததும் கேள்வி கிராமிலிருந்து கன டெசிமீட்டருக்குத் தாவுகிறது: அறை நிலையில் ஒரு மோலுக்கு 24, திட்ட வெப்ப அழுத்தத்தில் 22.7. கரைசல் வந்தால் செறிவும் கன அளவும். அங்கே எடைக்கு எடை விகிதம் நின்றுவிடும். மோல் வழியாகத்தான் போக வேண்டும்.

இரண்டாவது சங்கிலி. பெரும்பாலான பள்ளிகளில் இதுதான். கிராமை மோலாக்கு, விகிதத்தால் பெருக்கு, மறுபடி கிராமாக்கு. 5.1-ஐ 17-ஆல் வகுத்து, 2-ஆல் வகுத்து, 132-ஆல் பெருக்கினால் அதே 19.8. நடுவில் எண்ணைத் திருத்தி எழுத வேண்டியதில்லை, கால்குலேட்டரில் ஒரே ஓட்டம். தசமப் பிழை சேராது. ஒவ்வொரு படியிலும் அலகைக் கூடவே எழுதினால் தலைகீழாக வகுத்தது உடனே தெரிந்துவிடும். ஒரு பொருளின் அளவு மட்டும் கொடுத்து இன்னொன்றைக் கேட்கும் கணக்குக்கு இதையே போடச் சொல்கிறேன், அட்டவணையை வலியுறுத்துவதில்லை. தேர்வின் முதல் தாளில் வரும் பல்தேர்வுக் கேள்விகளுக்கும் இதுதான் வேகமான வழி.

ஆனால் கேள்வியில் இரண்டு பொருளின் அளவும் வந்துவிட்டால்? நான் அட்டவணைக்கு மாறியதற்குக் காரணம் இந்த இடம் ஒன்றுதான்.

5.1 கிராம் அம்மோனியாவும் 19.6 கிராம் சல்பியூரிக் அமிலமும் வினைபுரிகின்றன. எவ்வளவு உரம் கிடைக்கும்? மோலாக மாற்றினால் அம்மோனியா 0.30, அமிலம் 0.20. வகுப்பில் கேட்டால் பலரிடமிருந்து ஒரே குரலில் வரும் பதில்: “அமிலம்தான் சார் கம்மி, அதுதான் முதல்ல தீரும்.” அப்புறம் 0.20-ஐ 132-ஆல் பெருக்கி 26.4 கிராம் என்று எழுதுவார்கள். சங்கிலியை வைத்துக்கொண்டு இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு படியும் சுத்தமாக இருக்கும், அலகும் சரியாக இருக்கும், தொடங்கிய பொருள் மட்டும் தவறு.

அதே கணக்கை அட்டவணையில் போடுவோம். மேலே சமன்பாடு, கீழே மூன்று வரி, எல்லாம் மோலில்.

2 அம்மோனியா + 1 சல்பியூரிக் அமிலம் → 1 அம்மோனியம் சல்பேட்
முன்: 0.30 | 0.20 | 0
மாற்றம்: −0.30 | −0.15 | +0.15
பின்: 0 | 0.05 | 0.15

இதில் சமன்பாட்டின் விகிதத்துக்குக் கட்டுப்பட வேண்டியது நடு வரி மட்டுமே. 2க்கு 1க்கு 1 என்பது எவ்வளவு வினைபுரிகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, பாத்திரத்தில் எவ்வளவு கொட்டினோம் என்பதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் குழம்புவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். முதல் வரியில் எந்த எண் வேண்டுமானாலும் இருக்கலாம், அது நம் கையில். நடு வரி வினையின் கையில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு எது முதலில் தீரும் என்பதைக் கண்டுபிடிக்கத் தனி விதி தேவையில்லை. அமிலம் முழுதும் தீர வேண்டுமென்றால் நடு வரியில் அம்மோனியாவுக்குக் கழித்தல் 0.40 வரும், இருப்பதோ 0.30. கடைசி வரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். அப்படி ஒன்று நடக்காது என்று பிள்ளையே சொல்லிவிடும்.

இரண்டாவது லாபம் சரிபார்ப்பு. கடைசி வரியைக் கிராமாக மாற்றுங்கள்: மிச்ச அமிலம் 4.9, உரம் 19.8, மொத்தம் 24.7. தொடக்கத்தில் போட்டது 5.1-உம் 19.6-உம், அதுவும் 24.7. பொருண்மை அழியாது என்ற விதி, பதில் சரியா என்று பார்க்கும் கருவியாகவே கையில் வந்துவிடுகிறது. முன்பு வந்த 26.4-ஐ இதில் வைத்துப் பாருங்கள்: போட்டதைவிட அதிகமாக உரம் வந்திருக்கிறது! யாரும் சொல்லாமலே தவறு தெரிகிறது. தேர்வு மண்டபத்தில் அருகில் ஆசிரியர் இருக்க மாட்டார் என்பதால் இதற்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன்.

பொருண்மை விகிதத்தாலும் இதே கணக்கைப் போடலாம். அம்மோனியாவிலிருந்து 19.8, அமிலத்திலிருந்து 26.4 என்று இரண்டு முறை கண்டுபிடித்துச் சின்னதை எடுக்க வேண்டும். பதில் சரியாகவே வரும். ஆனால் மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் மூன்றாவது முறை கணக்குப் போட வேண்டும்.

மிச்சத்தைத் தேர்வுக்காக மட்டும் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நம் ஊரைச் சுற்றிப் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்த நிலத்திலிருந்து கிடைக்கும் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மெத்தனாலோடு வினைபுரிய வைத்து மீத்தைல் எஸ்டர் ஆக்கி டீசலில் கலக்கிறார்கள். சமன்பாட்டின்படி 1 மோல் கொழுப்புக்கு 3 மோல் மெத்தனால் போதும். ஆனால் வினை இரு திசையிலும் போகக்கூடியது என்பதால், முன்னோக்கித் தள்ளப் பெரும்பாலும் 6 மோல் ஊற்றுகிறார்கள். கொழுப்பை டிரைபால்மிட்டின் என்று வைத்துக்கொண்டால் 807 கிராமுக்கு 192 கிராம் மெத்தனால். வினை முழுமையாக நடந்தால் அதில் பாதி, 96 கிராம், மிஞ்சும். காய்ச்சி வடித்து மறுபடி பயன்படுத்த வேண்டிய அந்த 96 கிராம் அட்டவணையின் கடைசி வரியில் தானாகவே வந்து நிற்கிறது. சங்கிலியில் அதற்கு இடமே இல்லை.

விளைச்சல் சதவீதத்துக்கும், அதாவது கணக்குப்படி கிடைக்க வேண்டியதில் எத்தனை சதவீதம் கையில் கிடைத்தது என்பதற்கும், கடைசி வரிதான் அடிப்படை. அட்டவணை சொல்வது 19.8 கிராம். படிகமாக்கி, வடிகட்டி, உலர்த்தி எடைபோட்டால் 16.5 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16.5-ஐ 19.8-ஆல் வகுத்தால் 83.3 சதவீதம். மீதி எங்கே போனது என்று கேட்டால் பிள்ளைகள் “கணக்கு தப்பு” என்கிறார்கள். கணக்கு தப்பில்லை. அம்மோனியம் சல்பேட் தண்ணீரில் நன்றாகக் கரையும் உப்பு, வடிந்துபோன நீரிலேயே கொஞ்சம் நின்றுவிடும். வடிதாளில் கொஞ்சம் ஒட்டியிருக்கும், கழுவும்போதும் கொஞ்சம் போகும். சதவீதம் 100-ஐத் தாண்டினால் முதலில் படிகம் காய்ந்ததா என்று பாருங்கள், பெரும்பாலும் ஈரம்தான் எடைபோடப்பட்டிருக்கும்.

அட்டவணையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இடம் பிடிக்கும், நேரம் எடுக்கும். தெரியாத்தனமாகக் கிராமை அட்டவணைக்குள் எழுதினால் எல்லாம் கெடும், அதனால் முதல் சில வாரங்கள் வரியின் ஓரத்தில் ‘மோல்’ என்று எழுதியே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். நடுவில் எண்ணைச் சுருக்கி எழுதினால் பதில் லேசாக நகரும். மூன்று தசமம் வரை வைத்துக்கொண்டால் பிரச்சினை வராது. மதிப்பெண் குறையுமா என்று கேட்ட பெற்றோருக்கு: மோல், விகிதம், அலகோடு பதில் ஆகிய மூன்றும் தாளில் தெளிவாகத் தெரிய வேண்டும். அட்டவணையில் மூன்றும் தெரிகின்றன. இருந்தாலும் அட்டவணைக்குக் கீழே கிராமாக மாற்றும் வரியைத் தனியாக எழுதச் சொல்கிறேன்.

படிவம் ஐந்துக்குப் பிறகு எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதே அட்டவணை, வினை இரு திசையிலும் நடந்து நிலைகொள்ளும் சமநிலைக் கணக்கில் மறுபடி வரும். அங்கே நடு வரியின் எண் முன்கூட்டித் தெரியாது, அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நிலைக்கு நான் பாடம் எடுத்தது குறைவு, அதனால் அங்கே எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல மாட்டேன். படிவம் நான்கில் இரண்டு பொருளின் அளவு கொடுத்த கணக்குக்கு அட்டவணை, ஒரு பொருள் மட்டும் கொடுத்தால் சங்கிலி. என் வகுப்பில் இப்போதைக்கு இப்படித்தான் நடக்கிறது.