லீட்டருக்கு எத்தனை? ஏறும்போதா, இறங்கும்போதா?

கம்பளையில் இருக்கும் மச்சான் போன கிழமை கோல் எடுத்து, "உங்க கார் லீட்டருக்கு எத்தனை ஓடுது மச்சான்?" என்று கேட்டார். என்னுடையதைப் போலவே ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். ஜப்பான் ரீகண்டிஷன், 660 சிசி, சின்ன ஹைபிரிட். விற்கிறவர் டிஸ்பிளேயைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார், அதில் லீட்டருக்கு 26.4 கிலோமீற்றர் என்று இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அந்த 26.4 பொய்யில்லை, அதுதான் எரிச்சலே. இறம்பொடைப் பக்கமிருந்து புசல்லாவை வழியாகக் கீழே இறங்கி வந்து நிறுத்திப் படம் எடுத்தால் என் காரும் அதைத்தான் காட்டும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் இந்த டிஸ்பிளே புதிதாகக் கணக்கைத் தொடங்குகிறது. காலையில் மேலே ஏறும்போது 10 காட்டியதை அதற்கு ஞாபகம் இல்லை. போதாததற்கு, டேங்கில் ஊற்றிய பெற்றோலை அது அளப்பதும் இல்லை, இஞ்செக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. நான் பெற்றோல் கணக்கு எழுதும் கொப்பியோடு ஒப்பிட்டால் எப்போதும் ஒன்று, ஒன்றரை கூடத்தான் காட்டும்.

கொப்பி 2022இல் தொடங்கியது. அந்த வருடம் ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபாவுக்குப் போனது, அப்புறம் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர் என்றார்கள். அந்த 20 லீட்டரில் நுவரெலியாவுக்கு எத்தனை தரம் போய் வரலாம் என்று தெரியாமல் வேலைக்குப் போக முடியாத நிலை. அன்றிலிருந்து ஊற்றிய லீட்டரும் மீற்றர் எண்ணும் ஒன்று விடாமல் எழுதி வருகிறேன்.

எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது. கம்பளையிலிருந்து நுவரெலியா 55 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஏறும்போது லீட்டருக்கு 10, இறங்கும்போது 25. சராசரி என்ன என்று கேட்டால் பத்தையும் இருபத்தைந்தையும் கூட்டி இரண்டால் பிரித்து 17.5 என்பார்கள். தப்பு. ஏற 5.5 லீட்டர், இறங்க 2.2 லீட்டர், மொத்தம் 7.7 லீட்டரில் 110 கிலோமீற்றர், அதாவது 14.3 தான். மொத்தத் தூரத்தை மொத்த லீட்டரால்தான் பிரிக்க வேண்டும், சராசரிகளுக்குச் சராசரி எடுக்கக் கூடாது.

இதில் காரைக் குறை சொல்லவும் முடியாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களோடு ஒரு தொன் வரும் வண்டியைக் கம்பளையிலிருந்து கிட்டத்தட்ட 1,400 மீற்றர் மேலே தூக்க மட்டுமே, எஞ்சினில் வீணாகும் சூட்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்றரை லீட்டர் தனியாக எரியும். ஜப்பானில் காகிதத்தில் போடும் 30க்கு மேற்பட்ட எண் உருளைகள்மேல் சோதனைக்கூடத்தில் ஓட்டி எடுத்தது, அங்கே ஏற்றமே கிடையாது.

அளப்பதென்றால் டேங்கை நிரப்பித்தான் அளக்க வேண்டும். குழாய் தானாக நின்றதும் போதும், அதற்குமேல் ரவுண்டாக ஊற்றச் சொல்லக் கூடாது. ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி ஓட்டி, மறுபடி அதே பெற்றோல் செட்டில் அதே பம்பில் அதே மாதிரி நிரப்ப வேண்டும். நம் பக்கம் பல செட்கள் சரிவில்தான் இருக்கின்றன, வண்டி சாய்ந்து நின்றால் ஒரு லீட்டர் கூடும் குறையும், பத்து லீட்டரில் ஒரு லீட்டர் பிழைத்தால் கணக்கே போய்விடும். அதனால் நாலைந்து தடவை நிரப்பியதைச் சேர்த்துப் பாருங்கள்.

போன வருடம் இந்தக் கொப்பிதான் என்னைக் காப்பாற்றியது. 14இல் நின்றது மெல்ல 12க்கு இறங்கியது. டிஸ்பிளே தினமும் 9க்கும் 26க்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்ததால் அதில் ஒன்றும் தெரியவில்லை. குளிரில், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று காட்டும் நீல விளக்கு அணைய வழக்கத்தைவிட நேரம் எடுத்தது ஞாபகம் வந்து, கராஜில் சொன்னேன். எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தேர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருந்தது, எஞ்சின் சூடாகவே இல்லை. மாற்றியதும் இரண்டு மாதத்தில் பழைய எண்ணுக்கு வந்துவிட்டது.

இறக்கத்தில் இந்தக் கார் எனக்குத் தரும் சந்தோஷத்தையும் சொல்லத்தான் வேண்டும். லோ கியரில் போட்டு அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெற்றோல் முழுதாக நின்றுவிடும், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கும் கருகாது. மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் எஞ்சினை ஓட வைக்கப் பெற்றோலையும் எரித்து, உயிரையும் பணயம் வைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஹைபிரிட் பற்றரி மட்டும் சின்னது, பாதி இறக்கத்திலேயே நிரம்பிவிடும்.

சரி, மச்சானுக்குப் பதில். மலையில் 14 நல்ல எண், என் காரை நான் விற்க மாட்டேன். ஆனால் அந்தப் படத்தை அனுப்பியவரிடம் நீங்கள் வாங்க வேண்டாம், விலையைக் குறைத்தாலும் வேண்டாம். வேறு ஒன்று கிடைத்தால் சொல்லுங்கள், கம்பளையில் டேங்கை நிரப்பிக்கொண்டு மேலே போய் வந்து, அதே பம்பில் மறுபடி நிரப்பிப் பார்ப்போம். கொப்பியை நான் கொண்டுவருகிறேன்.